குகை அளக்கும் குழுவில் சேர விரும்பும் புதியவருக்கு

கேள்வி: வேலைக்காக நாஷ்வில் வந்திருக்கிறேன். பக்கத்து மாநிலமான கென்டக்கியில் உள்ள மேமத் குகையில் தன்னார்வலர்கள் இன்னமும் புதுப் பாதைகளைக் கண்டுபிடித்து வரைபடம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். குகை அனுபவமே இல்லாத நானும் சேர முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்? மற்றவர்களுக்குச் சுமையாகிவிடுவேனோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்:

தாராளமாகச் சேரலாம். தயாராகிப் போனால் யாருக்கும் சுமையாக மாட்டீர்கள். ஆனால் மேமத் குகையே உங்கள் முதல் குகையாக இருக்க வேண்டாம்.

முதலில் இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாகசத்தை மட்டும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடவையோடு நின்றுவிடுகிறார்கள். அளவை நாளில் பாதி நேரம் சேற்றில் உட்கார்ந்து எண் வாசிப்பீர்கள். மீதி நேரம் இன்னொருவர் வரைந்து முடிக்கும்வரை குளிரில் காத்திருப்பீர்கள். ஒரு நாள் முழுக்க உழைத்துச் சில நூறு அடி தேறினால் அது நல்ல நாள். அப்படிச் சேர்த்த அடிகள்தான் இன்று 426 மைல், அதாவது சுமார் 685 கிலோமீட்டர். உலகில் இதுவரை அளக்கப்பட்ட குகைகளில் இதைவிட நீளமானது கிடையாது. பெரும்பங்கு உழைப்பு, சம்பளம் வாங்காத தன்னார்வலர்களுடையது.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அமெரிக்கக் குகை ஆர்வலர்களின் பொதுச் சங்கம் நேஷனல் ஸ்பீலியாலஜிக்கல் சொசைட்டி. 1941ல் தொடங்கியது, தலைமையகம் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில். அதன் உள்ளூர்க் கிளைகளை ‘குரோட்டோ’ என்பார்கள். நாஷ்வில்லிலும் ஒன்று உண்டு. கூட்டத்துக்குப் போய், புதியவர் என்று சொல்லி, அடுத்த எளிய பயணத்தில் இடம் கேளுங்கள். முதல் தடவைக்கு ஹெல்மெட்டும் விளக்கும் இரவல் கிடைக்கும். டென்னசியில் பதிவான குகைகள் பத்தாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை தனியார் நிலத்தில். எந்த விவசாயியிடம் எப்படி அனுமதி கேட்பது, வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தக் கேட்டைச் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் குரோட்டோக்காரர்களுக்கு அத்துப்படி. ஒருவர் கேட்டைத் திறந்துபோட்டு மாடு வெளியேறிவிட்டால், அந்தக் குகை எல்லோருக்கும் பல வருடங்களுக்கு மூடிவிடும். தென்கிழக்கு மாநிலங்களில் குகைகளை விலைக்கு வாங்கிப் பாதுகாக்கும் சவுத்ஈஸ்டர்ன் கேவ் கன்சர்வன்சி என்ற அமைப்பு 1991 முதல் இயங்குகிறது. அவர்களின் குகைகளுக்கு முன்கூட்டியே பெர்மிட் வாங்கிக்கொண்டு போகலாம்.

நாலைந்து குகைகள் பார்த்து, ஆறேழு மணி நேரம் தவழ்ந்தாலும் மறுநாள் நடமாட முடிகிறது என்று தெரிந்த பிறகு, கேவ் ரிசர்ச் ஃபவுண்டேஷனைத் தொடர்புகொள்ளுங்கள். 1957ல் தொடங்கிய இந்த அமைப்புதான் தேசியப் பூங்காவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மேமத் குகையில் அளவை நடத்துகிறது. வருடத்தில் பல தடவை, பெரும்பாலும் நீண்ட வார இறுதிகளில், முகாம் கூடும். பூங்காவை ஒட்டி ஹாமில்டன் வேலியில் அவர்களுக்குச் சொந்தமான இடத்தில் தங்கலாம். காலையில் நாலைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரையும் ஒரு இலக்கையும் கொடுத்து அனுப்புவார்கள். உள்ளே பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருப்பது சர்வ சாதாரணம். நாஷ்வில்லிலிருந்து சுமார் 90 மைல்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினாலும் இரவுக்குள் போய்ச் சேரலாம்.

இனி வேலைக்கு வருவோம். அளவை என்பது குகையை நேர்க்கோட்டுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தூரம், திசை, சாய்வு மூன்றையும் குறித்துக்கொண்டே போவது. துண்டுகள் சேரும் புள்ளிக்கு ‘ஸ்டேஷன்’ என்று பெயர். டேப்பின் முனையைப் பிடித்து முன்னால் போகிறவர் அடுத்த ஸ்டேஷனைத் தேர்ந்தெடுப்பார். புதியவருக்குப் பெரும்பாலும் இந்த வேலைதான் வரும். நல்ல ஸ்டேஷன் பின்னால் உள்ளதற்கும் தெரிய வேண்டும், இனி வரப்போவதற்கும் தெரிய வேண்டும். கருவி வாசிப்பவர் அதன் பக்கத்தில் தலையை நுழைக்க இடமும் இருக்க வேண்டும். தரையோடு ஒட்டிய மூலையில் அழகாக ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், பின்னால் வருபவர் கன்னத்தைச் சேற்றில் பதித்துத்தான் காம்பஸ் பார்க்க வேண்டியிருக்கும். கண் மட்டத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பாறை முனை கிடைத்தால் அதையே பிடியுங்கள். கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது, தரையிலிருந்து எழும் கல்முளைகளில் ஒருபோதும் குறி வைக்கக் கூடாது.

அமெரிக்கக் குகை அளவையில் பயன்படும் டேப், அடியைப் பத்தாகப் பிரித்தது. கடையில் கிடைக்கும் அங்குல டேப்பில் பழகிய கண் இங்கே எளிதில் ஏமாறும். பன்னிரண்டு அடிக்கு மேல் ஆறு கோடு என்றால் அது 12.6தான், ஆறு அங்குலம் என்று நினைத்து ‘பன்னிரண்டரை’ என்று சொல்லிவிடாதீர்கள். டேப் பாறையில் சிக்கி வளைந்திருந்தால் இழுத்து நேராக்கிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

திசைக்கும் சாய்வுக்கும் பல குழுக்களில் இன்றும் சூன்டோ காம்பஸும் கிளைனோமீட்டரும்தான். இரண்டும் உள்ளங்கையில் அடங்குபவை. ஒரு கண்ணைக் கருவியின் துளையில் வைத்து, மறு கண்ணால் எதிரே ஸ்டேஷனில் பிடித்த விளக்கைப் பார்த்து வாசிக்க வேண்டும். தவறு நுழையும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றேதான். காம்பஸில் பெரிய எழுத்தில் ஓர் எண்ணும் அதன் அருகே சிறிய எழுத்தில் எதிர்த்திசை எண்ணும் இருக்கும்; சிறியதை வாசித்தால் குகை 180 டிகிரி திரும்பிவிடும். கிளைனோமீட்டரில் ஒரு பக்கம் டிகிரி, மறுபக்கம் சதவீதம். பக்கம் மாறினால் சாய்வு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பிளஸ், மைனஸ் சொல்ல மறப்பது எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கிறது. இவற்றைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு துண்டையும் இரு முனைகளிலிருந்தும் வாசிக்கிறோம். முன்வாசிப்பும் பின்வாசிப்பும் திசையில் சரியாக 180 டிகிரி வேறுபட வேண்டும். சாய்வில் குறி மட்டும் மாற வேண்டும். இரண்டு டிகிரிக்கு மேல் பிசகினால் இருவரும் மறுபடி வாசிக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சராசரி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் இத்தனை கறார்? ஒரு டிகிரி பிழை, 30 மீட்டர் தூரத்தில் அரை மீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். சுற்றிவந்து பழைய ஸ்டேஷனிலேயே மூடும் பாதையானால் கணக்குப் போடும்போது பிழை வெளியே தெரிந்துவிடும். ஒரே திசையில் பல கிலோமீட்டர் போகும் பாதையில் அது யார் கண்ணிலும் படாமல் குவியும். ‘இந்தச் சுவருக்கு அப்பால் அந்தக் குகை இருக்கிறது’ என்று வரைபடத்தை நம்பி அடுத்த குழு பன்னிரண்டு மணி நேரம் போய்த் தேடும். அங்கே வெறும் பாறைதான் இருக்கும்.

காந்தப் பிழை தனி ரகம். ஹெல்மெட் விளக்கின் பேட்டரிப் பெட்டி, இரும்புச் சட்டமுள்ள மூக்குக்கண்ணாடி, முழங்கால் பட்டையின் கொக்கி, பாக்கெட் கத்தி, மொபைல் எல்லாமே முள்ளை அசைக்கும். வீட்டிலேயே சோதித்துவிடலாம். காம்பஸை மேசையில் அசையாமல் வைத்து, ஒவ்வொரு பொருளையும் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பிப் பாருங்கள். முள் அசைந்தால், குகையில் வாசிக்கும்போது அந்தப் பொருள் உங்கள் முகத்தருகே இருக்கக் கூடாது. சுற்றுலாப் பாதையின் இரும்புக் கைப்பிடிக்கு அருகே ஸ்டேஷன் வைப்பதும் அதனால்தான் ஆபத்து.

லேசர் தூரமானிக்குள் மின்னணுக் காம்பஸ் பொருத்திய டிஸ்டோஎக்ஸ் கருவியும் புழக்கத்தில் இருக்கிறது. வேகமானதுதான், ஆனால் அளவீட்டுத் திருத்தம் செய்யாமல் எடுத்துப்போனால் பழைய கருவியைவிட மோசம். பதினான்கு திசைகள், ஒவ்வொன்றிலும் கருவியை நான்கு விதமாக உருட்டி, மொத்தம் 56 தடவை அளந்து திருத்தம் செய்ய வேண்டும். பேட்டரியை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து. குகையில் ஒவ்வொரு துண்டையும் மூன்று முறை சுட்டு, மூன்றும் ஒத்துப்போனால்தான் எண்ணை ஏற்றுக்கொள்வார்கள்.

எண்ணை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கும் முறை இருக்கிறது. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் எதிரொலிக்கும் பாதையில் ஒன்றாகவே கேட்கும். அதனால் இலக்கம் இலக்கமாக, ‘ஒன், டூ, செவன், பாயின்ட் ஃபைவ்’ என்று சொல்லுங்கள். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லுவார். சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, சரி என்றோ தவறு என்றோ பதில் சொல்லாமல் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர்ந்துவிடக் கூடாது. ஒரே எண்ணைத் தெளிவாக மூன்று முறை சொல்லச் சலிக்காதவர் கிடைத்தால் எந்தக் குழுவும் அவரை விடாது. நல்ல தவழ்வாளர்கள் எல்லா குரோட்டோவிலும் இருக்கிறார்கள். பொறுமையாக எண் சொல்பவர்கள்தான் குறைவு.

குழுவில் கடினமான வேலை ஸ்கெட்ச் போடுபவருடையது. மேலிருந்து பார்க்கும் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், குறுக்குவெட்டு மூன்றையும் நீர் ஊறாத தாளில் அளவுக்குச் சரியாக வரைய வேண்டும். அவர் வரையும்போது நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஸ்டேஷனிலிருந்து இடச்சுவர், வலச்சுவர், கூரை, தரை வரை உள்ள தூரங்களைச் சொல்லுங்கள். வெளிச்சம் அவர் முகத்தில் அடிக்காமல் சுவரில் விழட்டும்.

காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் குளிர் ஆளைச் சாய்க்கும். மேமத் குகைக்குள் வருடம் முழுக்கச் சுமார் 12 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் மிக அதிகம், எதுவும் உலராது. பருத்திச் சட்டை, ஜீன்ஸ் இரண்டும் கூடாது. நனைந்தால் உடல் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உள்ளாடை, கம்பளி சாக்ஸ், மேலே உடல் முழுக்க மூடும், கிழியாத நைலான் முழுவுடை. பெரிய குப்பைப் பை ஒன்றை மடித்து ஹெல்மெட்டுக்குள் வையுங்கள். முகத்துக்குத் துளை போட்டுத் தலைவழியே மாட்டி, குந்தி உட்கார்ந்தால் மூச்சுச் சூடே உள்ளே தங்கும். எடை ஒன்றுமில்லை, பல பேரைத் தாழ்வெப்பத்திலிருந்து காப்பாற்றிய பொருள் இது.

சொந்தமாக வாங்குவதில் முதலிடம் தாடைப் பட்டையுள்ள மலையேற்ற ஹெல்மெட்டுக்கும் விளக்குகளுக்கும். ஆளுக்கு மூன்று விளக்கு என்பது விதி. மூன்றும் தனித்தனியாக இயங்க வேண்டும், குறைந்தது இரண்டு ஹெல்மெட்டில் மாட்டக்கூடியவையாக இருக்க வேண்டும், மாற்று பேட்டரியும் வேண்டும். மொபைல் டார்ச் கணக்கில் சேராது. பிறகு முழங்கால், முழங்கைப் பட்டைகள், கையுறை, கணுக்கால் மூடிய, பாறையில் கறை பதிக்காத அடிப்பாகமுள்ள பூட்ஸ். கயிறு, ஹார்னெஸ் எதையும் இப்போது வாங்காதீர்கள். செங்குத்துக் குகைக்குத் தனிப்பயிற்சி வேண்டும். அதை மரத்தில் கட்டிய கயிற்றில் முதலில் கற்றுத் தருவார்கள்.

சாப்பாட்டுக்குச் சப்பாத்திச் சுருள், வேர்க்கடலை மிட்டாய், உலர்பழம் நன்றாக ஒத்துவரும். புளியோதரை வேண்டாம், சிந்தும் ஒவ்வொரு பருக்கையும் பூஞ்சையாகும், குகைப் பூச்சிகளின் வாழ்வு அதனால் மாறும். எதைத் தின்றாலும் மடியில் பை விரித்து அதன் மேல் வைத்துத் தின்னுங்கள். சிறுநீருக்கு அகலவாய் பாட்டில் ஒன்றும், மலத்துக்குப் பூட்டக்கூடிய இரட்டைப் பையும் எடுத்துப்போய் அனைத்தையும் வெளியே கொண்டுவர வேண்டும். பெண்கள் புனல் பயன்படுத்துவார்கள். அதை வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது. கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் புதியவர்கள் பலர் செய்யும் தவறு. மாலைக்குள் தலைவலியும் தசைப்பிடிப்பும் வந்து, குழுவே வேலையை நிறுத்த நேரிடும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று, தனியாகப் போகாமல் இருப்பது. 1925 ஜனவரியில் இதே கென்டக்கியில் சாண்ட் குகைக்குள் ஃபிளாய்ட் காலின்ஸ் தனியாகப் போனார். அனுபவசாலி, பெரிய குகைகளைக் கண்டுபிடித்தவர். 12 கிலோ அளவுள்ள ஒரே ஒரு கல் அவருடைய காலை இடுக்கில் பூட்டிவிட்டது. கூடவே ஒருவர் இருந்திருந்தால் அன்றைக்கே உதவி கூப்பிட்டிருக்கலாம். மறுநாள்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் முயன்றும் உயிரோடு மீட்க முடியவில்லை. குழுவில் நான்கு பேர் இருப்பது நல்லது என்பதன் கணக்கு இதுதான்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருப்பார், இருவர் சேர்ந்து வெளியே போய்ச் சொல்வார்கள். எந்தக் குகை, எந்த வாசல், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் அவசர உதவி எண் 911க்குச் சொல்ல வேண்டும் என்பது வெளியே ஒருவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். களைப்பு, நடுக்கம், இடுக்கில் பயம் எதுவானாலும் தலைவரிடம் உடனே சொல்லுங்கள். போன தூரமத்தனையும் திரும்பி வர வேண்டும் என்பதால், தாமதமாகச் சொன்னால் எல்லோருக்கும் கஷ்டம்.

வெளியே வந்ததும் வேலை முடிந்துவிடாது. 2006ல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு குகையில் முதலில் பதிவான வெள்ளைமூக்கு நோய், வட அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்களைக் கொன்றுவிட்டது. குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் வௌவாலின் மூக்கிலும் இறகிலும் ஒரு பூஞ்சை வளர்ந்து, அதை அடிக்கடி எழுப்பிவிடும். சேமித்த கொழுப்பு தீர்ந்து அது செத்துப்போகும். 2013ல் மேமத் குகைப் பூங்காவிலும் நோய் உறுதியானது. பூஞ்சையின் வித்துக்கள் சேற்றோடு நம் உடையில் ஒட்டிப் பயணம் செய்யும். எனவே குகை வாசலிலேயே சேற்றைச் சுரண்டித் தட்டுங்கள், எல்லாவற்றையும் பையில் கட்டி வண்டியில் ஏற்றுங்கள், வீட்டில் நன்றாகத் துவையுங்கள், பிறகு 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் 20 நிமிடம் முழுக மூழ்க வைத்து உலர்த்துங்கள். வாளியில் ஊற்றிய வெந்நீர் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். வெப்பமானி வைத்துப் பார்த்து, சூடு குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேறு போகாத துணியில் வெந்நீர் உள்ளே இறங்காது என்பதால் துவைப்பதைத் தாண்டிப் போக முடியாது. சொந்த நாட்டில் எந்தக் குகையிலாவது போட்ட ஷூவையோ உடையையோ அமெரிக்கக் குகைக்குள் கொண்டுபோகாதீர்கள். இங்கே போட்டதை அங்கேயும் கொண்டுபோகாதீர்கள்.

அளவை தவிரத் தூய்மைப் பணிக்கும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். முதல் வருடம் இதில் இரண்டு மூன்று தடவை கலந்துகொள்வதையே பரிந்துரைப்பேன். குகை எப்படிக் கெடுகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்ப்பவர் பிறகு கால் வைக்கும் விதமே மாறிவிடும். சுண்ணாம்பு நிலத்தில் தரை உள்வாங்கிய பள்ளங்களில் பண்ணைக் குப்பையைக் கொட்டும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அங்கே விழும் மழை மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே குகை ஆற்றுக்குப் போகும். மேமத் குகைக்குப் பக்கத்திலுள்ள ஹார்ஸ் கேவ் ஊரின் ஹிடன் ரிவர் குகை, சாக்கடை நாற்றத்தால் 1943ல் மூடப்பட்டது. புதிய கழிவுநீர் நிலையம் வந்த பின், 1990களில்தான் மறுபடியும் திறந்தது. பள்ளம் சுத்தம் செய்யும் நாளில் மனிதச் சங்கிலி அமைத்து டயர், பாட்டில், வேலிக் கம்பி என்று மேலே ஏற்றுவார்கள். தடித்த தோல் கையுறை போடுங்கள். மூடியிருக்கும் ரசாயன டப்பாவைத் தொடாமல் தலைவரைக் கூப்பிடுங்கள்.

நியூ மெக்ஸிகோவின் கார்ல்ஸ்பாட் குகையில் வேறு மாதிரி. சுற்றுலா வருபவர்களின் உடையிலிருந்தும் தலையிலிருந்தும் உதிரும் நூல், முடி, தோல் துகள் பாறைகளில் சாம்பல் நிறமாகப் படிந்துவிடும். தன்னார்வலர்கள் மண்டியிட்டுத் தூரிகையாலும் இடுக்கியாலும் அதை எடுத்துப் பையில் போடுகிறார்கள். சேறு பட்ட கல்விழுது, கல்முளை போன்றவற்றைக் கழுவும்போது மேலிருந்து கீழாக, மென்மையான நைலான் பிரஷ், தெளிப்பான், ஸ்பாஞ்ச் மட்டும். சோப்பு, பிளீச்சிங் எதுவும் கூடாது. அழுக்கு நீரை வழியும் முன்பே ஸ்பாஞ்சில் ஒற்றி எடுக்காவிட்டால், கீழே இருக்கும் வெள்ளைப் பரப்பும் சேர்ந்து கெடும்.

சுவர்க் கிறுக்கலை அழிக்கும் பணியில் மட்டும் அவசரமே கூடாது. 1972 கோடையில், அப்போது தனிக் குகையாகக் கருதப்பட்ட பக்கத்து ஃபிளின்ட் ரிட்ஜ் குகைப் பக்கமிருந்து வந்த குழு, ஒரு சுவரில் ‘பீட் ஹெச்’ என்ற கீறலையும் அம்புக்குறியையும் பார்த்தது. 1930களில் மேமத் குகையில் வழிகாட்டியாக இருந்த பீட் ஹான்சன் விட்டுப்போனது அது. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ இங்கே வந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே தடயம். ‘டைட் ஸ்பாட்’ என்ற இடுக்கைக் கடந்து அந்தப் பகுதிக்கு வழி திறந்தவர், ஒல்லியான உடலமைப்புள்ள கணினி நிரலாளர் பட்ரீஷியா க்ரௌதர். அதே வருடம் செப்டம்பர் 9 அன்று ஜான் வில்காக்ஸ் தலைமையிலான குழு தண்ணீருக்குள் நடந்துபோய்ச் சுற்றுலாப் பாதையின் கைப்பிடியைக் கண்டது. இரு குகைகளும் ஒன்றாகி, 144 மைல் ஆயின. அந்தக் கீறலை யாராவது நல்லெண்ணத்தோடு கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருந்தால்? ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட எழுத்து வரலாற்றுச் சான்றாகவே கருதப்படும். தொல்லியல் தெரிந்தவர் பார்த்துச் சரி சொல்லாமல் எந்த எழுத்திலும் கை வைக்காதீர்கள்.

இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதும் இங்கே கண்டிப்பான வழக்கம். 1988ன் கூட்டாட்சிக் குகைப் பாதுகாப்புச் சட்டம், அரசு நிலத்திலுள்ள முக்கியக் குகைகளின் இருப்பிடத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தனியார் குகைக்கும் அதே ஒழுங்குதான். படம் எடுக்கும் முன் மொபைலில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். வாசலும் சுற்றுப்புறமும் தெரியும் படத்தைப் போடாதீர்கள்.

முகாம் தலைவருக்கு எழுதும்போது இரண்டு மூன்று வாரம் முன்பே எழுதுங்கள். இதுவரை போன குகைகள், உள்ளே அதிகபட்சம் எத்தனை மணி நேரம், இடுக்கில் எப்படி, கண்ணாடி போடுவீர்களா, ஆஸ்துமா, சர்க்கரை போன்றவை உண்டா, முன்பு டேப் பிடித்ததுண்டா என்பதை உள்ளபடி எழுதிவிடுங்கள். யாரை எந்தக் குழுவில் போடுவது என்று அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். கூட்டியோ குறைத்தோ எழுதினால் உங்கள் உடம்புக்கு ஒவ்வாத பாதையில் கொண்டுபோய் விட்டுவிடும். கூடவே, கடைசியாக எங்கே குகைக்குப் போனீர்கள், உடைகளை எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்றும் ஒரு வரி சேருங்கள். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது அங்கே மரியாதை.